மணமாகாத பிள்ளைகள்

காரைக்காலில் யாரிடமும் "வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்க வேண்டியதில்லை. எந்த நாட்டில் என்று கேட்டால் போதும். சிங்கப்பூர், வளைகுடா என்று பதில் வந்தால் பேச்சு சம்பளத்துக்குப் போகும். பிரான்ஸ் என்று வந்தால் வேறு ஒரு கேள்வி எழும்: "சொல்தாவா, நேஷனாலிட்டியா?" பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பமா, வேறு வழியில் குடியுரிமை கிடைத்த குடும்பமா என்று பொருள். கல்யாணப் பேச்சில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் சித்தி நேஷனாலிட்டி. அம்மா இல்லை. ஒரே வயிற்றில் பிறந்து, அரசலாற்றுக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் வளர்ந்த அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுக் குடிகள் ஆனது எப்படி என்பதற்கு எங்கள் வீட்டில் அறுபது வருடங்களாக ஒரு விடைதான் இருந்தது: "அப்பா என் பேரை எழுதாம விட்டுட்டாரு." அம்மா இதை அழுதுகொண்டு சொன்னதில்லை. அரிசி களைந்துகொண்டே சொல்வாள். சித்தி ஊருக்கு வந்து திரும்பிய மறுநாள் கட்டாயம் சொல்வாள்.

கருத்தரங்கு ஒன்றுக்காகப் பாரிஸ் போனபோது கையில் ஒரு சனிக்கிழமை மிஞ்சியது. சித்தி மகள் காலையிலேயே விடுதிக்கு வந்துவிட்டாள். எனக்குத் தங்கை முறை, அங்கேயே பிறந்தவள். அவள் தமிழில் வினைச்சொற்கள் தமிழாகவும் மற்றவை தோன்றியபடியும் இருக்கும். ஈபிள் கோபுரத்தைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. பார்த்தோம், அதன் அடியில் எல்லோரும் போலப் படம் எடுத்துக்கொண்டோம். நான் பார்க்க விரும்பியது ஆற்றுக்கு இந்தப் பக்கம், இயேனா மெட்ரோ நிலையத்தின் வாசலிலேயே இருக்கும் கிமே அருங்காட்சியகத்தை.

எமில் கிமே என்ற தொழிலதிபர் தன் சேகரிப்பை லியோன் நகரில் தொடங்கி, 1889-இல் பாரிசுக்குக் கொண்டுவந்த இடம் அது. உள்ளே சோழர் காலத்து ஆடவல்லான் இருக்கிறார். தங்கை அவரைவிடக் கம்போடியக் கூடத்தில்தான் அதிக நேரம் நின்றாள். பந்தியாய் ஸ்ரீ கோயிலிலிருந்து கொண்டுவந்த பெரிய முகப்புச் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. திலோத்தமையின் இரண்டு கைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு இரண்டு அசுரர்கள் கதாயுதம் ஓங்கிச் சண்டையிடுகிறார்கள். கதைப்படி அண்ணன் தம்பியை மோதவிட்டு அழிக்கப் படைக்கப்பட்டவள் அவள். ஆனால் கல்லில் பார்க்கும்போது நடுவில் இழுபடும் ஒரு பெண் மட்டுமே தெரிகிறாள்.

பந்தியாய் ஸ்ரீ 967-இல் எழுந்த கோயில். 1923-இல் எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ அதன் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகப் பார்த்துப் பிடிபட்டார். பின்னாளில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சர் ஆனார். நல்லவேளையாக இன்னொரு முகப்பு அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. அதில் சிவன் ஆடுகிறார். காலடியில், முலை வற்றி எலும்பு தெரிய ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். எங்கள் ஊர்க்காரி. பத்தாம் நூற்றாண்டிலேயே காரைக்கால் அம்மையார் கடல் கடந்து போய்விட்டார் என்று தங்கையிடம் சொன்னேன். "யார் கூட போனாங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது விளையாட்டாக. ஆனால் பெரியபுராணத்தில் அதுதான் கேள்வி. கப்பலேறி வாணிகத்துக்குப் போனவன் பரமதத்தன். போனவன் திரும்பி வராமல் பாண்டிய நாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். அவன் இருக்கும் இடம் தெரிந்ததும் சுற்றத்தார் அவளைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டுபோய் அவனிடம் விடுகிறார்கள். அவளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் குடும்பத்தோடு காலில் விழுந்த பிறகுதான் அவள் தன் வாயால் ஒன்று கேட்கிறாள்: இந்த உடம்பு வேண்டாம், பேய் வடிவம் போதும் என்று. அதன் பிறகு அவளைப் பல்லக்கில் ஏற்ற ஆள் இல்லை. தானாகவே போகிறாள், தலையால் நடந்து. ஆனியில் மாங்கனித் திருவிழா வந்தால் நாங்கள் பரமதத்தனுக்கு மாப்பிள்ளை அழைப்பு நடத்துகிறோம். மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறோம். பேயுருவத்தை வகுப்பில் பாடமாக வைத்துக்கொள்கிறோம்.

மதியம் லா ஷப்பேல். காருக்கு நோருக்கு வடக்கே நடந்தால் பெயர்ப்பலகைகள் தமிழாகின்றன. நகைக்கடை, புடவைக்கடை, மளிகை, மாணிக்கப் பிள்ளையார் கோயிலின் தேர்த்திருவிழா நோட்டீஸ். ஊரிலிருந்து போகிறவர்கள் இதைத்தான் 'நம்ம கடைத்தெரு' என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் உழைத்து உண்டாக்கிய தெரு. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அவர்களுக்கு முன்பே வந்தவர்கள்தான். ஆனால் கையில் கடவுச்சீட்டோடு வந்தவர்கள். அகதி விண்ணப்பத்தோடு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் கட்டிய தெருவில் அவர்கள் வாடிக்கையாளர்கள். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிய கடையில் ஒரு அம்மா, "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்டார். காரைக்கால் என்றேன். "காரைநகரோ?" என்றார். யாழ்ப்பாணத்துக் காரைநகர். இல்லை, இந்தியா என்றதும் அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். வெற்றிலையை மட்டும் கூடுதலாக வைத்துக் கட்டினார்.

அங்கிருந்து புறநகர் ரயிலில் கார்ஜ்-சார்செல். ரயிலடியிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரே அச்சில் வார்த்த மாடிக் குடியிருப்புகளில் நான்காவது தளத்தில் சித்தியின் வீடு. கதவைத் திறந்ததும், "வாடி. உங்கம்மா வடகம் குடுத்தாளா?" என்றாள். குடுத்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்த பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள்.

சித்திக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருடம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். சித்தப்பா இறந்து பதினோரு வருடம். அவர் நாகப்பட்டினத்துக்காரர். 1954-க்கு முன்பு என்றால் எங்களுக்கு அது வாஞ்சூர் சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கத்து அந்நிய தேசம்; இப்போது வாஞ்சூர் என்றால் சாராயக்கடை மட்டுமே நினைவுக்கு வருகிறது, அது வேறு கதை. 1974-இல் கல்யாணம். அதுவரை பிரெஞ்சுக்காரனை மணந்த அந்நியப் பெண் தானாகப் பிரெஞ்சுக்காரி ஆவாள். பிரெஞ்சுக்காரியை மணந்த அந்நிய ஆணுக்கு அந்த வழி இல்லை. 1973-இல் சட்டம் இரண்டையும் சமமாக்கியது. பெண்ணுரிமைக்காக வந்த மாற்றம். எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்கள் அதை எவ்வளவு வேகமாகப் படித்துக்கொண்டார்கள் என்பதற்குச் சித்தியின் திருமணமே சாட்சி. நகை கேட்கவில்லை, ரொக்கம் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே ஒரு தாள்.

"எல்லாரும் என்னைக் கொடுத்து வச்சவன்னாங்க," என்றாள் சித்தி. "சீர் இல்லாம கட்டிக்கிட்டாங்களாம். என்னையா கட்டுனாங்க? பொண்ணு பாக்க வந்தப்ப மாமியா என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாங்க, பேப்பர ரெண்டு தடவ பாத்தாங்க." பிறகு சிரித்தாள். "ஒங்க அம்மையார் மாதிரிதான். என்னையும் பல்லக்குலதான் அனுப்பி வச்சாங்க. ஏர் இந்தியா பல்லக்கு."

அந்தப் பேப்பரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பிஸ்கட் டின்னில் இருந்தது. தாத்தாவின் அறிக்கையின் நகல். 1962 டிசம்பர் தேதி. அவர் பிரெஞ்சு ஆட்சியில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் பெயருக்குக் கீழே பிள்ளைகள் பெயர். மூன்று பெயர்கள்: இரண்டு மாமாக்கள், பதினோரு வயதுச் சித்தி. அம்மா இல்லை.

இந்த இடத்தில் நான் படித்ததைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அல்ஜீரியப் போர் முடிய வேண்டியிருந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் எங்கள் ஊரில் பிறந்து வாழ்ந்தவர்கள் இந்தியர்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். சுமார் 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனின் முடிவே முடிவு. தகப்பன் இறந்திருந்தால் மட்டும் தாயின் முடிவு. பதினாறு வயதுக்கு மேல் மணமான ஆண்பிள்ளை இருந்தால், அவன் தானே தேர்ந்துகொள்ளலாம்.

அம்மாவுக்கு 1962 வைகாசியில் கல்யாணம். அந்த ஆகஸ்டில் பதினேழு வயது. தகப்பனின் பட்டியலில் இடம்பெற அவள் மணமாகாதவளாக இல்லை. தானே தேர்ந்துகொள்ள அவள் ஆணாக இல்லை. அவளைப் போன்ற பெண்ணைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு சொல்லும் கிடையாது. புதுதில்லியிலும் பாரிசிலும் சட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய வாசகம். பதினேழு வயதில் மணமான பெண் என்று ஒருத்தி கீழத்தஞ்சைக் கடற்கரையில் இருப்பாள் என்பது யாருக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் அவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்களா?

தாத்தா பெயரை விட்டுவிடவில்லை, எழுதத்தான் இடமில்லை. இதைச் சித்தியிடம் சொன்னேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத எடமில்லன்னா? மூணு மாசம் தள்ளி கல்யாணம் வச்சிருந்தா எடம் இருந்துருக்குமே? கல்யாணத்த வச்சது யாரு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாட்டி பெயரும் அந்தத் தாளில் இல்லை. கணவனின் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. நான் அந்த வரியைப் படித்தபோது வியந்தேன். தாத்தா தேர்ந்துகொண்ட பிரான்சில், மணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965-இல்தான் சட்டம் வழிவிட்டது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், காரைக்காலில் கைநாட்டு வைக்கும் ஒரு பெண்ணிடம் எந்த நாடு வேண்டும் என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பாட்டி பயந்துபோய் ஆபீசுக்கே போகவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது தாத்தா சொல்லி நாங்கள் வளர்ந்த கதை.

"பயமா, அவங்களுக்கா?" என்றாள் சித்தி. "நான் பக்கத்துல இருந்தேன்டி. அப்பா வந்து, நீயும் கைநாட்டு வையின்னாரு. வக்கலன்னா என்னாகும்னு கேட்டாங்க. வக்கலன்னா நீ இந்தியான்னாரு. சும்மா இருந்தாலே இந்தியாவான்னாங்க. ஆமான்னாரு. அப்ப நான் சும்மா இருக்கேன்னு சொல்லிட்டு மீனு ஆய ஆரம்பிச்சுட்டாங்க."

நிரவியில் பாட்டி பெயரில் முக்கால் மா நிலம் இருந்தது. அதற்காகவா, கட்டிக்கொடுத்த மூத்த மகளுக்காகவா, இல்லை தாத்தா சொன்னார் என்பதற்காகவே மறுத்தாளா என்று கேட்டேன். சித்தி தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கல் மட்டும் முழுக்கப் பிரெஞ்சு.

தங்கை வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே இன்னும் வெயில். காரைக்காலில் இரவு ஒன்பதரை. அம்மாவின் நெற்றி மட்டும் திரையில் தெரிந்தது. ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை எளிமையாகச் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, "ஆம்பளப் புள்ளைன்னா பதினாறே போதுமாமா?" என்றாள்.

"போதுமாம் அக்கா," என்றாள் சித்தி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா, அப்பா கையெழுத்தைக் காட்டு என்றாள். சித்தி தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். ரொம்பப் பக்கத்தில் பிடித்ததால் திரை முழுக்க வெள்ளையாகத் தெரிந்திருக்க வேண்டும். "தள்ளிப் புடி, தள்ளிப் புடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். சித்தி தாளோடு ஜன்னல் வரைக்கும் போனாள்.