'ஃபார்மேட்'டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா நம்ம ஊர்ல முதல்ல காதில் விழுற வார்த்தை என்ன தெரியுமா? 'ஃபார்மேட் போட்டுடலாம் சார்!' தலைவலின்னு போனவனுக்கு மொட்டை அடிச்சு அனுப்புற வைத்தியம் இது. மொட்டை அடிச்ச முடியாவது திரும்ப வளரும். அழிஞ்சுபோன கல்யாண போட்டோ வளராதே! பி.காம். படிச்ச என்னை ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வெச்சது இந்தக் கடுப்புதான்.

கேபினட்டைத் திறக்கிற வரைக்கும்தான் பயம். உள்ளே இருக்கறது என்னவோ ஏழெட்டு சாமான்தான். கரன்ட்டைப் பிரிச்சுக் கொடுக்கற எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, ப்ராசஸர், அது தலைமேல ஒரு ஃபேன், ரேம், ஹார்ட் டிஸ்க், கொஞ்சம் கேபிள். எது கெட்டதுன்னு கண்டுபிடிக்க நாலே கேள்வி போதும். பவர் வருதா? ஃபேன் சுத்துதா? திரையில எழுத்து வருதா? விண்டோஸ் வருதா? எந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னு பதில் வருதோ, அங்கேதான் நம்ம வேலை.

பவரே வரலையா? பிளக் பாயின்ட், கேபிள், எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையா பாருங்க. ஃபேன் சுத்துது, ஆனா திரை கறுப்பா? பிளக்கைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழற்றி, அதோட தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால மெதுவா துடைச்சு, 'க்ளிக்'னு உட்கார்ற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. பாதி கேஸ் இதுலேயே எழுந்து உட்கார்ந்துடும். கொஞ்ச நேரம் ஓடி தானா அணையுதா? ப்ராசஸர் ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும், இல்லைன்னா தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். ஒரே ஒரு கண்டிஷன்: ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான். நாலையும் ஒண்ணா மாத்தினா, எது சரிபண்ணுச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியாது.

இந்தப் பாடம் நிஜமாவே சோறு போட்டது எங்க தெரு டி.டி.பி. சென்டர் அக்காவுக்குத்தான். பொங்கலுக்கு நாலு நாள் கடையைப் பூட்டி, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போனாங்க. திரும்பி வந்து ஆன் பண்ணினா விண்டோஸ் வரலை. 'பூட் ஆக டிஸ்க்கே இல்லை'ன்னு திரையில ஒரு வரி. பார்க்க வந்த ஒரு சர்வீஸ்காரர், "ஹார்ட் டிஸ்க் கதை முடிஞ்சுது. ஃபார்மேட் பண்ணிப் பார்க்கறேன், இல்லைன்னா புதுசு"ன்னுட்டார். உள்ளே இருந்தது ஆறு வருஷத்து பத்திரிகை டிசைன்! "தம்பி, நாளைக்கு ஒரு வளைகாப்பு பத்திரிகை கொடுக்கணும்டா"ன்னு அக்கா சொன்னப்போ குரலே உடைஞ்சிருந்தது.

நான் முதல்ல பயாஸுக்குள்ள போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கோட பேரும் 500 ஜி.பி. அளவும் அழகா தெரிஞ்சுது. செத்துப்போன டிஸ்க் பேர் சொல்லுமா? பக்கத்துல தேதியைப் பார்த்தேன்: 2015 ஜனவரி 1! அப்பத்தான் பொறி தட்டுச்சு. மதர்போர்டுல ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. பிளக்குல கரன்ட் இருக்கற வரைக்கும் அதுக்கு வேலை குறைவு. மெயினை அணைச்சதும் கடிகாரத்தையும், பழைய போர்டுகள்ல செட்டிங்கையும் அதுதான் காப்பாத்தணும். மல்டிமீட்டர் வெச்சா, 3 வோல்ட் காட்ட வேண்டியது 2 வோல்ட்டைக்கூடத் தொடலை. பேட்டரி கைவிட்டதும் பயாஸ் எல்லாத்தையும் மறந்து, பூட் பண்ற முறையை யு.இ.எஃப்.ஐ.க்கு மாத்தி வெச்சிருக்கு. அக்காவோட விண்டோஸ் போட்டிருந்ததோ பழைய 'லெகசி' முறையில.

புது பேட்டரி மாட்டி, தேதியைத் திருத்தி, பூட் முறையை லெகசிக்குக் கொண்டுவந்து சேவ் பண்ணினேன். விண்டோஸ் வந்துடுச்சு! முதல் வேலையா மொத்த டிசைனையும் வெளி டிஸ்க்குல காப்பி எடுக்க வெச்சேன். வளைகாப்பு பத்திரிகையும் மறுநாள் போயிடுச்சு. ஒரு சின்ன பேட்டரி செலவு, அவ்வளவுதான். ஃபார்மேட் பண்ணியிருந்தா?

தைரியம் வேணும், அசட்டுத் துணிச்சல் வேணாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல ஷாக் காத்துக்கிட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டா உடனே அணைச்சுட்டு, டேட்டா மீட்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. நோண்ட நோண்ட மிச்சமும் போயிடும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்தினதும், 'பழசைத் தூக்கிப் போடுங்க'ன்னு சொல்ற ஆட்களும் கூடிட்டாங்க. எஸ்.எஸ்.டி. ஒண்ணு மாட்டி, லினக்ஸ் போட்டா அந்தப் பழசுல பலதும் படிக்கிற பிள்ளைங்களுக்கு இன்னும் சில வருஷம் உழைக்கும்.

அடுத்த தடவை யாராவது 'ஃபார்மேட்'னு ஆரம்பிச்சா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்: "எது கெட்டிருக்கு, அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" பதில் வந்தா நம்பிக் கொடுங்க. வரலைன்னா, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க!