மேற்கே பெய்த மழை

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு 'த்ரொப்பீக்' என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாது. 2011 அக்டோபர் 12 அன்று இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய செயற்கைக்கோளின் பெயர் 'மேகா-த்ரொப்பீக்'. மேகம் நம்முடையது, த்ரொப்பீக் அவர்களுடையது. வெப்பமண்டலத்தின் மேகங்களையும் ஈரப்பதத்தையும் அளப்பது அதன் வேலை. 2023 மார்ச்சில் அதைப் பசிபிக் கடலுக்கு மேலே கொண்டுபோய் எரித்து முடித்தார்கள்.

மழையைக் கவனிக்க இன்று வேறு செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. நமது இன்சாட்-3டிஎஸ் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. குளிர்ச்சி கூடினால் மேகம் உயர்ந்து நிற்கிறது, பெருமழைக்கு வாய்ப்பு அதிகம் என்று பொருள். அமெரிக்காவும் ஜப்பானும் அனுப்பிய ஜிபிஎம் தாழ்வாகச் சுற்றி, மேகத்துக்குள் விழும் மழையையே ரேடாரால் அளக்கிறது. வெள்ளம் வந்தபின் வேறு சில ரேடார் செயற்கைக்கோள்கள் இரவிலும் மேகத்தை ஊடுருவிப் படம் எடுக்கும். தேங்கிய நீர் அதில் கறுப்பாகத் தெரியும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய புயல் நம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை. அது நம் தலைமேல் பெய்தது, எல்லோருக்கும் தெரிந்தது. பாகூர் கொம்யூன் கிராமங்களுக்கு அடுத்த அடி தென்பெண்ணை வழியாக வந்தது. புயலின் மிச்சம் மேற்கே போய் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியில்தான் பாகூரும் கடலூரும் இருக்கின்றன.

வாசலில் நின்று வானத்தைப் பார்த்தால் இந்த வெள்ளம் தெரியாது. ஆற்றை முழுசாகப் பார்க்க மேலே ஒரு கண் வேண்டும். அது சொல்வதும் மதிப்பீடுதான். தரையில் உள்ள மழைமானியோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஆற்றோரத்து நண்பர்களே, மழை விட்டதும் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் மேகம் எப்படி என்று வானிலைத் துறையின் படத்தைப் பேரப்பிள்ளையை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். அணை நிலவரத்தையும் கேளுங்கள். மாத்திரை, ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாம் முதலில் பரணில் ஏறட்டும். நிவாரண மனுக்களைக் கோப்பில் கட்டியே நரைத்தவன் சொல்கிறேன், நனைந்த பத்திரத்துக்கு நகல் வாங்குவது லேசான வேலை இல்லை.