முகம் பார்க்கும் தாராளம்

பத்துப் பேர் கூடி மலையேறுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. தர்மபுரியை அடுத்த வத்தல்மலையில், சாமைக் கொல்லைகளையும் காப்பித் தோட்டங்களையும் கடந்து நடக்கையில், எங்களுள் பேதம் என்பதே தோன்றுவதில்லை. ஒருவருக்குக் கஷ்டம் வந்து, மற்றவர்களிடம் வசூல் செய்யப் புறப்படும்போதுதான் அது தலைகாட்டும்.

வேடிக்கையாகப் பேசும் நண்பர் ஒருவர் கால் ஒடிந்து படுத்தார். ஒரே மாலையில் பணம் குவிந்தது. மறு வருஷம், அதிகம் பேசாத இன்னொருவரின் மனைவியார் நோயுற்றார். அவரும் அதே பாறைகளில் எங்களுடன் ஏறியவர்தாம். ஆயினும் பாதிப் பணங்கூடச் சேரவில்லை. எங்களில் யாரும் கருமி அல்லர். தாராளம் முகம் பார்க்கிறது, அவ்வளவுதான்!

புதுக்கோட்டை, தஞ்சைச் சீமைகளில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறது. யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் ஏறும். அவர் முறை வரும்போது அது அவருக்குத் திரும்பும், பெரும்பாலும் கூடுதலாகவே. அங்கே பெறுகிறவர் யாசகர் அல்லர். தலை குனிய வேண்டியதில்லை. ஆனால் மொய் எழுத வசதியில்லாத ஏழைக்கு அந்த நோட்டில் இடம் ஏது?

ஆகவே நாங்கள் ஓர் உண்டியல் வைத்தோம். மாதந்தோறும் அவரவர் சக்திக்கு இயன்றதைப் போடுவது. தொகையை ஒருவரும் கேட்பதில்லை. எடுத்துக் கொடுப்பது மட்டும் தேவையின் அளவுக்கு. பேச்சுச் சாமர்த்தியத்தின் அளவுக்கு அன்று. முதல் தொகை அந்தப் பேசாத நண்பரின் வீட்டுக்குத்தான் போயிற்று.