முன்னே, விடு, கீழே, மூலை

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் கடையில் பிளேஸ்டேஷனைக் கவிழ்த்துத்தான் வைத்திருப்பார்கள். வட்டைப் படிக்கிற லென்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் தடத்தில் ஓடும். நாள் முழுக்க ஓடிய சூட்டில் அந்தத் தடம் தேய்ந்து ஒரு பக்கம் இறங்கிவிடும். நேராக வைத்தால் படம் வராது, கவிழ்த்தால் வரும். கடைக்கார அண்ணனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. கோபத்தில் ஒருநாள் தூக்கிக் கவிழ்த்திருப்பார், ஓடியிருக்கும்.

2000ஆம் வருஷம். நான் எட்டாம் வகுப்பு. ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய், தோற்றவன் எழுந்துகொள்ள வேண்டும், ஜெயித்தவன் உட்காரலாம். நான்கு டிவி இருந்தன. நான்கிலும் டெக்கன் 3. ஜப்பான் மொழியில் அந்தப் பெயருக்கு இரும்பு முஷ்டி என்று அர்த்தமாம். எங்கள் அம்மாவோ டெக்கன் என்றதும் ஏதோ ஆங்கிலப் பேப்பர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

நாம்கோ கம்பெனி 1994இல் முதல் டெக்கனைக் காசு போட்டு ஆடும் பெரிய எந்திரத்துக்காகத்தான் செய்தது. மூன்றாவது பாகம் 1997இல் எந்திரத்திலும் 1998இல் பிளேஸ்டேஷனிலும் வந்தது. பிளேஸ்டேஷனில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் விற்றது என்கிறார்கள். பர்மா பஜாரில் பாலிதீன் உறையில் விற்ற வட்டுகள் அந்தக் கணக்கில் வராது. வந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆட்களுக்கு நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. ஹெய்ஹாச்சி தாத்தா. ஃபாரஸ்ட் லா-தான் ப்ரூஸ் லீ. லெய் போலீஸ்காரன். சிறுத்தை முகமூடி போட்ட கிங் ஏனோ எங்களுக்குப் புலி. மொக்குஜின் வெறும் கட்டை. எட்டி கோர்டோவை மட்டும் எட்டி என்றே கூப்பிட்டோம், அவன் எட்டித்தான் உதைப்பான் என்பதால். பிரேசில் நாட்டுக் கப்போயிரா அவனுடைய சண்டை. மார்செலோ பெரேரா என்ற நிஜமான கப்போயிரா ஆசானை ஆடவைத்து அந்த அசைவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் கடையில் அந்த ஆசானின் கலைக்கு நேர்ந்த கதி என்னவென்றால், இரண்டு உதை பொத்தான்களையும் கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறித் தட்டினால் போதும், எட்டி தலைகீழாகச் சுழன்று எவனையும் வீழ்த்திவிடுவான். நேற்று வந்த பொடியன் ஆறு மாதம் பழகினவனை எழுப்பி அனுப்புவான். கடைசியில் அண்ணன் அட்டையில் எழுதி ஒட்டினார்: எட்டி எடுக்கக் கூடாது.

அந்தத் தடை வந்த பிறகுதான் எனக்கு இந்த ஆட்டம் புரிய ஆரம்பித்தது. டெக்கனில் ஒரு பொத்தானுக்கு ஓர் அவயவம். சதுரம் இடக்கை, முக்கோணம் வலக்கை, பெருக்கல் குறி இடக்கால், வட்டம் வலக்கால். மற்ற சண்டை ஆட்டங்களில் மெல்லிய குத்து, பலத்த குத்து என்று பலத்துக்குப் பொத்தான் இருக்கும். இங்கே உடம்புக்கு இருக்கிறது. பத்து நாள் போனால் முக்கோணம் மறந்துபோய் வலக்கை மட்டும் மிஞ்சும்.

கடையில் ஓர் அண்ணன் வருவார். ஐ.டி.ஐ. முடித்து தொழில் எஸ்டேட்டில் டர்னராக இருந்தவர். இரண்டாம் ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் சாயங்காலம் வந்து ஜின் கசாமாவை எடுப்பார். அவர் ஜின் குத்தினால் கையில் நீலமாக மின்னல் வெட்டும், எதிராளி கூரை உயரத்துக்குப் போவான். நாங்கள் அதே குத்தைக் குத்தினால் மின்னல் வராது. எப்படி என்று கேட்டேன். என் உள்ளங்கையை இழுத்து அதில் கட்டைவிரலால் போட்டுக் காட்டினார்.

“முன்னே. விடு. கீழே. மூலைல வலக்கை. மூலையும் குத்தும் ஒண்ணா விழணும் தம்பி. முன்னாடி விழுந்தாலும் போச்சு, பின்னாடி விழுந்தாலும் போச்சு.”

ஒன்றாக என்றால் எவ்வளவு ஒன்றாக? படம் நொடிக்கு 60 சட்டங்கள் ஓடுகிறது. குச்சி கீழ்-முன் மூலையைத் தொடுகிற அதே சட்டத்தில் குத்து விழ வேண்டும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு. தவறினால் மின்னல் இல்லாத காற்றுக்குத்து மட்டும் வரும். எதிராளி தடுத்துக்கொண்டால் அதற்குத் தண்டனை உண்டு. மின்னலோடு விழுந்த குத்தைத் தடுத்தாலும் அடுத்த முறை நம்முடையதாகவே இருக்கும். அறுபதில் ஒரு பங்குக்கு அவ்வளவு வித்தியாசம். எங்கள் கடையில் இருந்த வட்டு பால் (PAL) பதிப்பு, அது நொடிக்கு 50தான் ஓடும் என்பது பின்னால்தான் தெரிந்தது. 60 ஓடுகிற வட்டு கைக்குக் கிடைத்த அன்று, ஊருக்கே அவசரம் வந்துவிட்டது போல் இருந்தது.

அந்த நான்கு சொல்லில் எல்லாரும் கோட்டை விடுவது ‘விடு’வில்தான். முன்னே அழுத்தின கட்டைவிரல் பயத்தில் அப்படியே சறுக்கிக் கீழே போய்விடும். நடுவில் ஒரு கணம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கு எட்டு மாதம் ஆனது. வீட்டில் பிளேஸ்டேஷன் கிடையாது என்பதால் பெல்ட் பக்கிளில், டெஸ்க் விளிம்பில், ராக்கி தியேட்டர் நாற்காலியின் கைப்பிடியில் எல்லாம் பழகினேன். மின்னல் வந்ததைப் பார்க்கவே வேண்டாம், காது சொல்லிவிடும். வெறும் காற்றுக்குத்துக்கு ஒரு சத்தம், மின்னலுக்கு வேறு சத்தம், வெங்காயத்தை எண்ணெயில் போட்ட மாதிரி.

இப்படிச் சேர்த்த கையை 2002இல் கம்பெனியே பிடுங்கிக்கொண்டது. பிளேஸ்டேஷன் 2இல் டெக்கன் 4 வந்தபோது கதைப்படி ஜின் தன் குடும்பத்துச் சண்டை முறையை வெறுத்து விட்டுவிட்டு மரபான கராத்தே கற்றுக்கொண்டு வருகிறான். கதை நல்ல கதைதான். என் கட்டைவிரலுக்கு அது புரியவில்லை. அதே முகம், அதே பெயர், உள்ளே வேறு ஆள். கடையில் பாதிப் பேர் மறுபடி மூன்றுக்கே போனார்கள். நான்காம் பாகத்தை இன்றும் பலர் திட்டுகிறார்கள். தரை மேடும் பள்ளமுமாக இருந்தது உண்மை. ஆனால் சுவர் வந்ததும் அதில்தான். சுவர் வந்த பிறகு பின்னால் நகர்வதற்கும் ஒரு விலை வந்துவிட்டது. அந்த ஒன்றுக்காகவே நான் அதைத் திட்டமாட்டேன்.

டெக்கன் 5 எங்கள் பக்கம் 2005இல் வந்தது. அதில் டெவில் ஜின் என்று ஒருவன், ரெக்கையும் கொம்புமாக. எடுத்த எடுப்பில் பழைய பழக்கத்தில் முன்னே, விடு, கீழே, மூலை என்று போட்டேன். நீலம் வெட்டியது. ஜின் விட்டுப்போன பழைய முறை முழுவதையும் இவனிடம் கொடுத்துவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து வேறு ஆளை எடுக்கவில்லை. 2024 ஜனவரியில் வந்த எட்டாம் பாகத்திலும் அவன்தான்.

டெக்கனின் கிளை ஆட்டங்களையும் நான் இந்தக் கையை வைத்தே எடைபோடுவேன். விமர்சகர்கள் படம், கதை, ஒலி என்று மதிப்பெண் போடுவார்கள். எனக்கு ஒரே கேள்வி, நான்கு அவயவம் இருக்கிறதா? டெக்கன் டேக் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பேர், ஆனாலும் கை அதே கை. அதனுள்ளே போகிற போக்கில் ஒரு பவுலிங் ஆட்டம் வைத்திருந்தார்கள், அதற்கே தனியாகப் பணம் கட்டியவர்கள் எங்கள் கடையில் உண்டு. கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்ததில் பொத்தான் பற்றாமல் குத்து ஒன்று, உதை ஒன்று என்று சுருக்கிவிட்டார்கள், கை கால் இழந்த ஆள் மாதிரி. டெக்கனின் நினாவை மட்டும் வைத்து 2005இல் வந்த டெத் பை டிகிரீஸில் பொத்தானையே எடுத்துவிட்டு வலது குச்சியைத் திருப்பி அடிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் தாங்கினேன். 2012இல் கேப்காம் செய்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில் நம் ஆட்கள் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போய் ஆறு பொத்தானில் சாப்பிட்டார்கள். பதில் விருந்து நாம்கோ வைப்பதாகச் சொன்னது, வைக்கவே இல்லை. எல்லாவற்றிலும் சிறந்தது கையடக்க பி.எஸ்.பி.யில் 2006இல் வந்த டார்க் ரெசரக்ஷன்தான். கூட வேலை செய்தவனிடம் இரவல் வாங்கி, ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிற ரயிலில் ஆடியிருக்கிறேன். வில்லிவாக்கத்தில் கூட்டம் ஏறும்வரை மின்னல் தவறாது.

இதற்குள் நானும் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தேன். ஓ.டி. கடை மூடி, அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது. கொரியாவில் ஆடுகிற வீடியோக்களைத் தெரிந்த ஒருவர் பிரவுசிங் சென்டரில் இறக்கிக் கொண்டுவருவார். அவற்றில்தான் பின்னடை என்கிற நகர்வைப் பார்த்தேன். பின்னால் குதிக்க வேண்டும், குதித்து முடிவதற்குள் பின்மூலையைத் தொட்டு அதை வெட்ட வேண்டும், உடனே மறுபடி குதிக்க வேண்டும். சரியாக வந்தால் ஆள் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே போவான், எதிராளி குத்து விரல்கடை தூரத்தில் காற்றில் விழும், அந்த வெறுங்குத்தைத் தண்டிப்பதுதான் ஆட்டமே. அடிப்பது ஆட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதிலும் விடு வேண்டும். ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவில் கை ஒரு கணம் காலியாக இருக்க வேண்டும்.

2013 வாக்கில் சொந்தமாக ஒரு லீவர் பெட்டி செய்தேன். பிளைவுட் பெட்டி, ரிச்சி தெருவில் வாங்கிய யு.எஸ்.பி. பலகை, 30 மி.மீ. பொத்தான்கள், ஸ்பிரிங் வைத்த ஜப்பான் லீவர். லீவரின் அடியில் ஒரு உருளை வளையம் இருக்கும். சாய்த்தால் அதுதான் மைக்ரோ சுவிட்சை அழுத்தும். வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சுவிட்ச் சீக்கிரம் விழும், கை வேகம் கூடும் என்று வெளிநாட்டில் செய்கிறார்கள். எனக்கு அதில் என்ன கஷ்டம்? சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் துண்டு டெல்ரின் ராடு போட்டு 1 மி.மீ. பெரிதாகக் கடைந்து எடுத்தேன். முன்னே பறந்தது, கீழே பறந்தது. மின்னல் மட்டும் பத்துக்கு இரண்டுகூட வரவில்லை.

மூன்று வாரம் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு பெட்டியைத் திறந்துவைத்து, லீவரை மெதுவாகத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. வளையம் பெரிதானதால் சுவிட்ச் சீக்கிரம் விழுகிறது, சரி. ஆனால் தாமதமாகத்தான் விடுகிறது. நடுவில் இருந்த காலி இடத்தை நானே அளவெடுத்துக் கடைந்து மூடியிருக்கிறேன். பழைய லேத்தில் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் ஸ்லைடு நகர்வதற்கு முன் கொஞ்சம் வெறுமனே சுற்றும், பேக்லாஷ் என்போம், அதைக் குறைப்பதுதான் எங்கள் பிழைப்பு. இங்கே அந்த வெறுஞ்சுற்றுதான் வேலையே செய்கிறது. பழைய வளையத்தையே மாட்டினேன். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பானதாக மாற்றினேன், நடுவுக்குச் சீக்கிரம் திரும்பட்டும் என்று. கொரியாக்காரர்கள் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைப்பதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

டிவி மாற்றியதும் ஒரு கதை. பழைய குழாய் டிவியில் பொத்தானுக்கும் படத்துக்கும் இடைவெளி கிடையாது. புது எல்.இ.டி. டிவி படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கிங் பிடிபோட்டே முடித்துவிடுவான். எந்தக் கை நீள்கிறது என்று பார்த்து அந்தக் கைப் பொத்தானை அழுத்தினால்தான் பிடியிலிருந்து தப்பலாம். அதற்குக் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடி. கேம் மோடு என்று டிவியில் ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்கும்வரை எனக்கு வயதாகிவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் லாகூரிலிருந்து வந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற பையன் ஜெயித்தான். வெளியில் யாருக்கும் தெரியாத பெயர். எங்கள் ஊரில் இன்னும் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னான், யாரும் நம்பவில்லை. கொரியாவின் பேர்போன ஆட்டக்காரர் ‘நீ’ (Knee) நேரில் பாகிஸ்தான் போய் ஆடித் தோற்றுத் திரும்பினார். அதே வருஷம் ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோ இறுதி ஆட்டத்திலும் அதே நீ-யை அர்ஸ்லான் ஜெயித்தான். 2023, 2024இலும் அங்கே பட்டம் அவனுக்குத்தான். லாகூர்ப் பையன்கள் வளர்ந்தது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற கடைகளில். தோற்றவன் எழுந்துகொள்கிற கடைகள். அந்தச் செய்தியைப் படித்த இரவு பெருமையா பொறாமையா என்று பிரிக்க முடியவில்லை. ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட் பக்கமும் பூந்தமல்லியிலும் அப்படிக் கடைகள் இருந்தனவே. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குப் பதக்கமே கொடுத்தார்கள், இந்தியாவிலிருந்தும் போனார்கள். எங்கள் டர்னர் அண்ணன் அப்போது எங்கே இருந்தாரோ.

எட்டாம் பாகம் எனக்கு முழுக்கப் பிடிக்கிறது என்று சொன்னால் பொய். ஹீட் என்று ஒன்றைச் சேர்த்து, முன்னே போய் அடித்துக்கொண்டே இரு என்கிறது. 2025 ஏப்ரலில் இரண்டாம் சீசன் மாற்றங்கள் வந்தபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், பின்னால் நகர்ந்து காத்திருக்கிற ஆட்டத்தை இன்னும் நெருக்கிவிட்டார்கள் என்று. நானும் திருமுல்லைவாயிலில் உட்கார்ந்து கொதித்தேன்.

அதில் ஸ்பெஷல் ஸ்டைல் என்றும் ஒன்று உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினால் தொடர் அடிகள் தானாக வரும். ஏழாவது படிக்கிற அக்கா பையன் லீவுக்கு வந்தவன் அதை வைத்து என்னை இரண்டு ரவுண்டு ஜெயித்துவிட்டான். எட்டி எடுக்கக் கூடாது என்று அட்டை எழுதலாமா என்று யோசித்தேன். மூன்றாவது ரவுண்டில் மின்னல் விழுந்தது. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

“மாமா, அது எப்படி? அந்த நீலம்?”

கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையில் போட்டேன். முன்னே, விடு, கீழே, மூலை.

“விடுன்னா எந்தப் பட்டன்?”

“பட்டன் இல்லடா. விடு.”

மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட், காலை ஆறு மணிக்கு. நாலரைக்கு எழுந்தால் பையன் எனக்கு முன்பே எழுந்து சத்தத்தைக் குறைத்துவைத்துப் பயிற்சி அறையில் உட்கார்ந்திருக்கிறான். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தை அடைத்துக்கொண்டே கேட்டேன். காற்று. காற்று. காற்று. சறுக்குகிறான். காற்று. சட்டை மாட்டும்போது ஒருமுறை வெங்காயம் எண்ணெயில் விழுந்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்ததைத் தவறவிட்டிருந்தான்.