நரக வாசலில் ஒரு குடித்தனம்

கென்யாவில், நைவாஷா ஏரிக்குத் தெற்கே செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. பெயர் 'நரக வாசல்'! பயந்துவிடாதீர்கள். அந்தப் பாறை விளிம்புகளில்தான் ரூப்பெல் கழுகுகள் குடித்தனம் நடத்துகின்றன. ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை. தாயும் தகப்பனும் முறை வைத்து அடைகாக்கும்.

பறப்பதில் அசகாய சூரர்கள்! 1973-ல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், 37,000 அடி உயரத்தில் விமானத்தில் மோதியது இந்த ஜாதிப் பறவைதான். அழகு மட்டும் கொஞ்சம் மட்டு. ஆனால் அழுகிய மாமிசத்தையும் ஜீரணித்துவிடும் அந்த வயிறு இருக்கிறதே, அதனால்தான் சமவெளி நாறாமல் இருக்கிறது.

மாட்டைப் பறிகொடுத்தவர்கள் சிங்கத்துக்கென்று செத்த மாட்டில் விஷம் தடவி வைக்கிறார்கள். பந்திக்கு முந்துவதோ கழுகுக் கூட்டம்! 2015-லேயே இவை அழியும் தறுவாயிலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இரை தேடிப் போன தாய் திரும்பாவிட்டால், பாறை விளிம்பில் குஞ்சு வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.