சோற்றுக்கு அளவு

தமிழ்நாட்டு வீடுகளில் பலகாரத்துக்கு எண்ணிக்கை உண்டு, சோற்றுக்குக் கிடையாது. இட்லி நாலு, தோசை மூன்று, சப்பாத்தி இரண்டு என்று காலையிலும் இரவிலும் கணக்கு தானாக நிற்கிறது. நடுத்தர இட்லி ஒன்றில் 50 முதல் 60 கலோரி வரை இருக்கும். ஆறு இட்லி சாப்பிட்டவரைப் பார்த்து வியக்கும் வீட்டில், மத்தியானம் அதைவிட அதிகக் கலோரியுள்ள சோறு யார் கண்ணிலும் படாமல் தட்டில் ஏறிவிடுகிறது.

சோறு தவணை தவணையாக வருவதுதான் காரணம். சாம்பாருக்கு ஒரு முறை, வற்றல் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். குழம்பு மிஞ்சினால் அதைத் தீர்க்கச் சோறு, சோறு மிஞ்சினால் அதைத் தீர்க்கக் குழம்பு. ரசமும் மோரும் கலந்த சோற்றுக்கு மெல்லும் வேலையும் குறைவு. வயிறு நிறைந்த பிறகும் வழுக்கிக்கொண்டு இறங்கும். நிறைவு உணர்வு முழுதாக எழச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்கிறார்கள். அவசரச் சாப்பாடு அதற்குள் முடிந்து கையும் கழுவியாகிவிடும். பரிமாறுகிறவர் கையும் சும்மா இருப்பதில்லை. போதும் என்று சொன்ன பிறகு அரைக் கரண்டி விழுந்தால்தான் அது உபசாரம்.

ஆகவே தட்டில் அளப்பதைவிட அரிசியில் அளப்பது எளிது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பழைய கணக்கு. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி. இன்றைய மின்சாரக் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, ஏறக்குறைய அதே ஆழாக்குதான். அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். வெந்தால் இரண்டரை, மூன்று மடங்கு எடையாகி 400 கிராம் சோறு, 500 கலோரிக்குச் சற்று மேல்.

இது யாருக்குப் போதும், யாருக்கு அதிகம் என்பது உழைப்பைப் பொறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரியும் கடும் உழைப்பாளிக்கு 3470 கலோரியும் தேவை. பெண்களுக்கு அவை 1660, 2720. வரப்பு வெட்டிய தாத்தாவுக்கு ஒரு வேளைக்கு ஓர் ஆழாக்கு அரிசி நியாயமான அளவு. கணினி முன் உட்காரும் பேரனுக்கும் அதையே போடுவதுதான் வம்பு. அவனுக்கு அதில் பாதி தாராளம்.

பாதியாக்கினால் மட்டும் போதாது. சோறு குறைந்த இடத்தைப் பொரியலும் கூட்டும் பருப்பும் நிரப்பாவிட்டால், நாலு மணிக்குப் பசி எடுத்து டீயோடு பஜ்ஜியும் முறுக்கும் உள்ளே போகும்; மிச்சம் பிடித்த கலோரி வட்டியோடு திரும்பிவிடும். தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்கிறது அந்த நிறுவனம். நடைமுறையில் பொரியல் தட்டோரத்தில் இரண்டு கரண்டிதான். காயை அதிகமாக வைத்து, அதை முதலில் பாதியாவது தின்றுவிட்டுச் சோற்றுக்குப் போவது நல்ல வழக்கம்.

எதிரில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பத்தான் கை நீளும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனியை 500 கிராம் வைத்தபோது தின்றதைவிட 1000 கிராம் வைத்தபோது 30 சதவீதம் அதிகக் கலோரியை உண்டார்கள். சோற்றுப் பானையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்பங்கரையிலேயே விடுவதில் பலன் இருக்கிறது.

உப்பும் எண்ணெயும் தட்டில் தனியாகத் தெரியாதவை. அவற்றைப் பொட்டலத்தில்தான் அளக்க முடியும். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சர் இவற்றில் உள்ள உப்பு இந்தப் பொட்டலத்தில் சேராதது. அவை தினமும் புழங்கும் வீட்டில் ஒரு கிலோ இரண்டு மாதத்தையும் தாண்ட வேண்டும்.