கசிவு எங்கே?

செய்தி எழுதப் பழகும் இளைஞருக்கு நாம் முதலிற் கற்பிப்பது யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையே. இவற்றுள் இலகுவானது ‘எங்கே’ என்பதுதான். ஊரின் பெயரை எழுதினால் முடிந்தது. மருத்துவத்தில் இக்கேள்வி ஒரு மனிதரின் வாழ்க்கையையே முடக்கிப் போடக்கூடும்.

கொழும்பில் எம்முடன் நீண்டகாலம் ஒப்புநோக்காளராகப் பணியாற்றிய நண்பர் ஒருவர் இப்போது ரொறன்ரோவில் மகளுடன் வாழ்கிறார். படுத்திருக்கும்வரை அவருக்கு எத்துன்பமும் இருக்கவில்லை. எழுந்து நின்று கால்மணி நேரத்தில் பிடரியில் வலி தொடங்கும், காது அடைக்கும். மீண்டும் படுத்தால் தணியும். மூக்குக்கண்ணாடி மாற்றப்பட்டது. பீனிசம் என்றனர், ஒற்றைத் தலைவலி என்றனர், இறுதியில் மனச்சோர்வு என்றனர். “அண்ணை, படுத்துக் கிடக்கிறவன் சோம்பேறி எண்டு வீட்டிலையும் நினைக்கத் தொடங்கிவிட்டினம்” என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

எமது மூளை நீரில் மிதக்கும் உறுப்பு. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள பாய்பொருள் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் சுரந்து மீள உறிஞ்சப்படுகிறது. முள்ளந்தண்டினுள் அதன் உறையில் சிறு கிழிசல் ஏற்பட்டு நீர் கசிந்தால், நிற்கும்போது மூளை கீழ்நோக்கித் தாழ்கிறது. 1898இல் ஜேர்மனியின் கீல் நகரில், முதுகில் ஊசியேற்றி விறைக்கச் செய்யும் முறையை ஓகஸ்ட் பீயர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தம்மீதே சோதித்தார். ஊசியும் மருந்துக் குழலும் பொருந்தாததால் பாய்பொருள் வெளியேறியது. பல நாட்கள் தலைவலியால் வருந்திய அவர், படுத்தவுடன் வலி மறைவதை அக்காலத்திலேயே பதிவு செய்தார். ஆனால் அவருக்குத் துளை இருந்த இடம் தெரியும். தானாகத் தோன்றும் கசிவில் தெரியாதது அந்த இடமே.

மூளையை எம்.ஆர்.ஐ. படமெடுத்தால் தெரிவது பெரும்பாலும் விளைவுகள்: தடித்த உறை, வீங்கிய நாளங்கள், தாழ்ந்த மூளை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதுவும் இயல்பாகவே இருக்கும். தாழ்ந்த மூளையைப் பிறவிக் குறைபாடாகக் கருதிப் பிடரியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களும் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே அச்சம் ஏற்பட்டது.

உறை கிழிந்திருந்தால் முள்ளந்தண்டுப் படத்தில் நீர் தேங்கியிருப்பது தெரியும். நண்பரின் படத்தில் தேக்கம் எதுவும் இல்லை. ‘கசிவு இல்லை’ என அறிக்கை வந்தது. தேங்காமலும் நீர் போகலாம். உறைக்கும் அருகிலுள்ள நாளத்துக்கும் இடையே நேரடி வழி ஏற்பட்டு, நீர் இரத்தத்தில் கலந்துவிடும் இந்நிலையை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வைத்தியர் வூட்டர் ஷீவிங் குழுவினர் 2014இல் விளக்கினர். அதைக் காண நோயாளியை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை முதுகிற் செலுத்தி, தொடர்ச்சியாகப் படமெடுக்க வேண்டும். தேக்கம் காணப்படாத நோயாளிகளிடையே, குப்புறக் கிடத்தியபோது 15 வீதத்தினரிடம் மட்டுமே இத்தகைய வழி தென்பட்டதாகவும் பக்கவாட்டிற் கிடத்தியபோது 74 வீதத்தினரிடம் தென்பட்டதாகவும் அதே குழுவினர் 2019இல் எழுதினர். அதே நோய், அதே மருந்து. படுக்கும் விதம் மட்டுமே வேறு.

நண்பரை இரண்டு வெவ்வேறு நாட்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் கிடத்திப் பார்த்தனர். வலப்புறம், மார்பு மட்டத்தில், மயிரிழைபோல ஒரு நாளம் சில விநாடிகள் மருந்தால் நிறைந்து தெரிந்ததாம். அவருடைய சொந்த இரத்தத்தை முதுகிற் செலுத்தி அடைக்கும் வழமையான முறை முன்னரே இருமுறை பயனளிக்காது போயிருந்தது. 2021இலிருந்து மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ள முறைப்படி, நாளத்தினூடாக நுண்குழாயைச் செலுத்தி அவ்வழியைப் பசையால் அடைத்தனர். அதன்பின் சில வாரங்கள் நேர்மாறான வேதனை: அமுக்கம் கூடி, படுத்தால் தலை வலித்தது. அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது நாற்காலியில் நிமிர்ந்திருந்து பத்திரிகை வாசித்து, எழுத்துப் பிழைகளை எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தகைய தலைவலி உள்ளவர்கள், எழுந்து எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது, படுத்து எத்தனை நிமிடத்தில் தணிகிறது என்பதை ஒரு தாளிற் குறித்து வைத்தியரிடம் கொடுப்பது நல்லது. நாட்செல்ல அந்த வேறுபாடு மங்கிவிடக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே குறித்து வைக்கவேண்டும்.